கொடுங்கல்லூரில் இறக்கப்பட்ட குவிமாடங்கள்
பென்னி குரியாகோஸின் கட்டடங்களும் திருப்பூர் வட்டாரப் பள்ளிவாசல்களும்

திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரத்தில் கடந்த முப்பது ஆண்டுகளில் எழுந்த பள்ளிவாசல்களை ஒருசேர எண்ணிப் பார்ப்பவர், அவற்றுள் பெரும்பாலானவற்றை ஒரே கைதான் வரைந்ததோ என ஐயுறக்கூடும். முகப்பில் இரு மினாராக்கள். நடுவே பச்சை வண்ணம் பூசிய குவிமாடம். சுவரெங்கும் பளபளக்கும் ஓடுகள். உள்ளே தாழ்ந்த போலிக் கூரை. திறக்க இயலாத கண்ணாடிச் சன்னல்கள். அவற்றை ஈடுசெய்யக் குளிர்சாதனங்கள். கொடை உள்ளத்தில் குறையில்லை. பனியன் கம்பெனி முதலாளி முதல் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டைலர் வரை கொடுத்த பொருளால் ஆனவை அவை. ஆயினும் அவற்றைக் கட்டடங்களாக நின்று நிதானித்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. கவிதைக்கும் கதைக்கும் திறனாய்வு வேண்டும் என்போம். ஐவேளையும் நாம் நுழைந்து வெளிவரும் கட்டடத்தைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. கொடுத்தவர் மனம் நோகுமே என்ற தயக்கம் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

இத்தயக்கத்தைச் சற்றே ஒதுக்கி வைக்க நமக்கு ஓர் உரைகல் தேவைப்பட்டது. அதை நாம் கண்டது, சென்னையிலிருந்து இயங்கும் கட்டடக் கலைஞர் பென்னி குரியாகோஸும் அவருடைய நிறுவனத்தாரும் செய்துள்ள பணிகளில். அவற்றுள்ளும் சிறப்பாகக் கொடுங்கல்லூர்ச் சேரமான் ஜும்ஆ பள்ளிவாசலில் அண்மை ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றத்தில்.

திருப்பூருக்கும் கொடுங்கல்லூருக்கும் என்ன தொடர்பு என வினவுவோர் நொய்யலின் கரையோடு சற்று நடந்து பார்க்கலாம். பழந்தமிழர் முசிறி என்றழைத்த துறைமுகம் கொடுங்கல்லூரை ஒட்டிய பெரியாற்று முகத்துவாரப் பகுதியில் இருந்தது. அங்கிறங்கிய பொருள்கள் பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு நாட்டிற்குள் புகுந்து, நொய்யலை ஒட்டிக் கரூர் நோக்கிச் சென்றன. அவ்வழியில், இன்றைய ஈரோடு மாவட்டத்தில் நொய்யலின் வடகரையில் அமைந்த கொடுமணலில், 1980கள் முதல் நிகழ்ந்த அகழாய்வுகள் மணிகள் செய்யும் தொழிலும் இரும்புத் தொழிலும் அங்குச் செழித்திருந்ததை வெளிப்படுத்தின. நூல் நூற்கும் சுடுமண் தக்களிகளும் கிடைத்தன. பருத்தியும் ஏற்றுமதியும் இவ்வட்டாரத்திற்கு நேற்று வந்தவை அல்ல. பின்னலாடைத் தொழிலின் தோற்றத்திலும் நம்மவர் பங்குண்டு. 1925ஆம் ஆண்டளவில் குலாம் காதர் என்னும் முஸ்லிம் வணிகர் நிறுவிய பின்னல் கம்பெனியையே திருப்பூரின் முதல் பின்னலாடை முயற்சியாக ஆய்வாளர்கள் குறிப்பர். ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நகரமாக அது வளர்ந்திருக்கிறது.

இனிக் கொடுங்கல்லூருக்கு வருவோம். சேரமான் பெருமாள் மக்கா சென்றார், மாலிக் இப்னு தீனார் 629இல் இப்பள்ளியை எழுப்பினார் என்பது மரபு. வரலாற்றாசிரியர்கள் இதனை அப்படியே ஏற்பதில்லை. நிற்கும் கட்டடத்தின் பழம்பகுதிகூடப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டதாகவே இருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. நமக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. மரபின் இனிமைக்கு ஆண்டுக்கணக்கு ஒன்றும் இன்றியமையாததல்ல. மலபாரின் பிற பழம்பள்ளிகளைப் போலவே இதுவும் சரிந்த ஓட்டுக் கூரையும் மரவேலைப்பாடும் கொண்ட, குவிமாடமோ மினாராவோ இல்லாத கட்டடமாக இருந்தது. கோழிக்கோட்டு மிஷ்கால் பள்ளியைக் கண்டோர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. போர்த்துக்கீசியர் 1510இல் தீயிட்டும் அழியாமல் மீண்டெழுந்த அப்பள்ளி, அடுக்கடுக்கான சாய்கூரைகளோடு இன்றும் குளக்கரையில் நிற்கிறது.

1974இல் சேரமான் பள்ளியின் முன்பகுதி இடிக்கப்பட்டது. தொழுவோர் தொகை பெருகியதே காரணம். அதன் பின்னரும் 1994, 2001 எனப் படிப்படியாக விரிவாக்கங்கள் நிகழ்ந்தன. பழைய உட்பகுதி தொடப்படாமல் நடுவில் நிற்க, அதனைச் சூழ்ந்து காங்கிரீட் கூடங்களும், முகப்பில் குவிமாடமும் மினாராக்களும் எழுந்தன. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அங்குச் சென்றவர்கள், பழம்பெரும் பள்ளி எங்கே எனத் தேடியே உள்ளே போக வேண்டியிருந்தது.

பென்னி குரியாகோஸ் முன்வைத்த திட்டம், சொல்வதற்கு எளியது. ஒரு ஜமாஅத் ஏற்றுக்கொள்வதற்கு அரியது. காங்கிரீட் விரிவாக்கங்களை அகற்றுவது. பழைய ஒளிப்படத்தைச் சான்றாகக் கொண்டு 1974க்கு முந்தைய ஓட்டுக் கூரைத் தோற்றத்தை மீட்பது. பெருகிவிட்ட தொழுகையாளர்க்கு வேண்டிய இடத்தை மண்ணுக்கடியில் அமைப்பது. கேரள அரசின் முசிறி மரபுத் திட்டத்தின் பகுதியாக அப்பணி நடந்தேறி, 2020களின் தொடக்க ஆண்டுகளில் குவிமாடமும் மினாராக்களும் நீங்கிய பள்ளி மீண்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

தாம் கட்டியதை, தம் தந்தையர் பொருள் கொடுத்துக் கட்டியதை, ஒரு ஜமாஅத் தானே மனமொப்பி இறக்கி வைத்தது என்பதை நாம் சற்று நின்று எண்ண வேண்டும். நம் வட்டாரத்தில் ஒரு பள்ளியின் மினாரா உயர வேண்டும் எனத் தீர்மானம் நிறைவேறிக் கண்டிருக்கிறோம். தாழ வேண்டும் என்ற தீர்மானத்தை எங்கும் கண்டதில்லை. குவிமாடத்தையும் மினாராவையும் மார்க்கத்தின் அடையாளங்களாகவே நம்மில் பலர் கொண்டுவிட்டதே இதற்குக் காரணம். ஈச்ச மரத்தண்டுகளைத் தூண்களாகவும் ஈச்ச ஓலையைக் கூரையாகவும் கொண்ட மதீனத்துப் பள்ளியில் இவ்விரண்டுமே இருக்கவில்லை. மினாரா உமையாக்கள் காலத்தில் வந்தது. மதீனாவில் அண்ணலாரின் அடக்கத்தலத்தின் மீது குவிமாடம் எழுப்பப்பட்டது 1279இல், மம்லூக் சுல்தான் கலாவூன் காலத்தில். அதற்குப் பச்சை வண்ணம் ஏறியது 19ஆம் நூற்றாண்டில், உஸ்மானியர் ஆட்சியில். அந்தக் குவிமாடத்தின் சிறுபிரதியைத்தான் பல்லடத்திலும் அவினாசியிலும் தொழுகைக் கூடத்தின் தலைமேல் வைக்கிறோம். வைப்பது பிழை என்று நாம் சொல்லவில்லை. வைக்காவிட்டால் பள்ளிவாசல் ஆகாது என்று கருதுவதுதான் பிழை. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் கல்தூண்களின் மீது தட்டையான கற்கூரை வேய்ந்து நம் முன்னோர் எழுப்பிய பள்ளிகள், குவிமாடத்தின் துணையின்றியே நூற்றாண்டுகளாகப் பள்ளிவாசல்களாக விளங்குகின்றன.

கொடுங்கல்லூர்ப் பணியின் மீது நமக்குள்ள ஐயங்களையும் சொல்லிவிட வேண்டும். புகழ்ச்சி மட்டும் எழுதினால் அது வாழ்த்துரையாகும், திறனாய்வாகாது.

முதலாவது, ஒரு கட்டடத்தின் பல காலங்களுள் ஒன்றை மட்டும் தேர்ந்து மற்றதைத் துடைத்தெறியும் உரிமை யாருக்குண்டு என்பது. கட்டடப் பாதுகாப்புத் துறையார் போற்றும் 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், ஒரு கட்டடத்தில் எல்லாக் காலங்களின் பங்களிப்பும் மதிக்கப்பட வேண்டும் என்பதையே பொது நெறியாக வைக்கிறது. மினாராவும் குவிமாடமும் எழுந்த அந்த ஆண்டுகள், வளைகுடா நாடுகளின் வாயில்கள் நம்மவர்க்குத் திறந்த ஆண்டுகள். பாலைவனத்தில் உழைத்தவன் ஊரில் எதைக் காண ஆசைப்பட்டான் என்பதற்கு அந்தக் காங்கிரீட் ஒரு சான்று. அதற்குக் கலைமதிப்புக் குறைவு என்ற முடிவில் நாமும் உடன்படுகிறோம். ஆனால் அதற்கு வரலாற்று மதிப்பே இல்லை என்பதற்கு உடன்பட மாட்டோம். இறக்கப்பட்டவற்றின் அளவெடுத்த வரைபடங்களும் ஒளிப்படங்களும் பொதுமக்கள் பார்வைக்கு அங்கேயே வைக்கப்பட வேண்டும். அப்பொழுதே அந்தத் தலைமுறைக்கு நீதி செய்ததாகும்.

இரண்டாவது ஐயம் இதனினும் கூரியது. மேலே காண்போர்க்கு அழகிய பழம்பள்ளி. கீழே தொழுவோர்க்கு நிலவறைக் கூடம். சுற்றுலாவையும் கருத்தில் கொண்ட அரசுத் திட்டம் ஒன்றில் இவ்வமைப்பு வரும்போது, கட்டடம் யாருக்காக என்ற வினா எழாமல் இராது. மண்ணுக்கடியிலுள்ள கூடம் எதுவாயினும் காற்றுக்கும் வெளிச்சத்திற்கும் பெரும்பாலும் இயந்திரத்தையே நம்பியிருக்க வேண்டும். மழை மிகுந்த மலபார்க் கரையில் ஈரத்தோடும் போராட வேண்டும். எனினும் நிலவறை என்னும் தீர்வே, தொழுவோரை வெளியேற்றாமல் பள்ளியைக் காக்க அங்கே இருந்த ஒரே வழி என்பதையும் மறுப்பதற்கில்லை.

இதனை விளங்கிக்கொள்ள, அதே முசிறித் திட்டத்தில் அதே கலைஞரின் கை பட்ட வடக்குப் பரவூர் யூத ஆலயத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். பரவூரின் யூதர்கள் பெரும்பாலும் 1950களில் இஸ்ரேலுக்குப் புறப்பட்டுப் போயினர். வழிபடுவோர் இல்லாத கட்டடம் அருங்காட்சியகமாயிற்று. சுவரும் மரமும் நேர்த்தியாக மீட்கப்பட்டுள்ளன. ஆயினும் பாதுகாப்புப் பணி என்னும் அளவில் அது எளிய பணி. யாரும் இடம் போதவில்லை என்று முறையிடப் போவதில்லை. குளிர்சாதனம் கேட்கப் போவதில்லை. அடுத்த ஆண்டு ஒரு தளம் ஏற்ற வேண்டும் என்று தீர்மானம் போடப் போவதுமில்லை. சேரமான் பள்ளியிலோ வெள்ளிதோறும் மக்கள் வருகிறார்கள். உயிருள்ள ஜமாஅத்தோடு பேசி ஒரு பழங்கட்டடத்தைக் காப்பது, ஆளற்ற கட்டடத்தைக் காப்பதினும் பன்மடங்கு கடினம். நாம் கொடுங்கல்லூரைப் பரவூருக்கு மேலாக மதிப்பது இதனாற்றான்.

இக்கலைஞரின் முந்தைய பணிகளிலும் இவ்விரு நிலைகளைக் காணலாம். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, லாரி பேக்கரின் தொடக்கத் திட்டத்தில் உருவாகி, அவரிடம் பயின்ற பென்னி குரியாகோஸின் பொறுப்பில் வளர்ந்தது. செட்டிநாட்டு வீடும் காஞ்சிபுரத்து நெசவாளர் வீடும் இன்ன பிறவும் அங்கே நிற்கின்றன. கதவும் தூணும் உத்திரமும் பிழைத்தன, அதற்காக நன்றி. ஆயினும் நெசவாளன் இல்லாத நெசவாளர் வீட்டில் நின்றபோது நமக்கு ஏதோ உறுத்தியது. இவ்வளவே அதைப் பற்றி.

தரங்கம்பாடி வேறு வகை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் ஏறத்தாழ ஆயிரம் வீடுகளைக் கட்டும் பொறுப்பை ஏற்றது. அதன் வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் ஒருங்கிணைத்தவர் பென்னி குரியாகோஸ். அக்காலத்தில் நாகைக் கடற்கரையில் தொண்டு நிறுவனங்கள் பல, நிழல்தந்த மரங்களை வெட்டி, நிலத்தைச் சமமாக்கி, ஒரே அச்சில் வார்த்த பெட்டிகளை வரிசையாக அடுக்கிக் கொண்டிருந்தன. நோக்கம் நல்லது, கால அவகாசம் குறைவு, அறிக்கையில் எண்ணிக்கை காட்ட வேண்டும். இங்கேயோ குடும்பங்களை உட்கார வைத்துப் பேசி, அவரவர் தேவை கேட்டு, வீட்டின் அமைப்பை முடிவு செய்யும் முறை பின்பற்றப்பட்டது. மீனவப் பெண்ணுக்கு வாசற்புறம் என்பது வெறும் வாசற்புறமன்று. மீன் காய்வதும் வலை பழுது பார்ப்பதும் அண்டை வீட்டாரோடு வழக்குத் தீர்ப்பதும் அங்கேதான். இதைத் தெரிந்துகொள்ள வரைபலகை போதாது; கேட்க வேண்டும். இந்நிறுவனத்தின் பணிகளுள் மிகக் குறைவாகப் படம்பிடிக்கப்பட்டதும், நம் மதிப்பில் மிக உயர்ந்ததும் இதுவே. ஓட்டுக் கூரையும் பழைய உத்திரமும் இவரது கலையின் சாரம் என எண்ணுவோர் தரங்கம்பாடியைப் பார்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இதே காலத்தில் வங்கதேசத்தில் நிகழ்ந்த ஒன்றையும் இங்கே இணைத்துப் பார்ப்பது தகும். பின்னலாடைச் சந்தையில் திருப்பூருக்குப் போட்டியாளர் அந்நாடு. டாக்காவின் ஃபைதாபாதில், தம் பாட்டியார் சூஃபியா காதூன் கொடுத்த நிலத்தில், கட்டடக் கலைஞர் மரீனா தபஸ்ஸும் எழுப்பிய பைத்துர் ரவூஃப் பள்ளிவாசல் 2012இல் நிறைவெய்தியது. 2016இல் ஆகா கான் விருது பெற்றது. பாட்டியார் இடையிலேயே காலமாக, நிதி திரட்டும் பொறுப்பும் பேர்த்தியின் தோளில் விழுந்தது. குவிமாடமில்லை, மினாராவில்லை. நாட்டுச் செங்கல். நிலத்தின் கோணமும் கிப்லாவின் கோணமும் பொருந்தாத இக்கட்டை, சதுரத்திற்குள் வட்டத்தையும் வட்டத்திற்குள் திரும்பிய சதுரத்தையும் வைத்து அவர் தீர்த்தார். கூரையிலுள்ள சிறு வட்டத் துளைகள் வழியே ஒளி சிந்துகிறது. செங்கற்களின் இடைவெளிகள் வழியே காற்று வருகிறது. கையில் பழம்பள்ளி ஏதும் இல்லாதபோதும் எளிமையாகக் கட்ட முடியும் என்பதை அது காட்டுகிறது. கொடுங்கல்லூரில் மீட்பதற்கு ஒன்று இருந்தது. ஃபைதாபாதில் மீட்பதற்கு ஒன்றும் இல்லை. திருப்பூர் வட்டாரத்தில் இரு நிலைகளும் உண்டு.

கொங்குச் சிற்றூர்களில் ஓடு வேய்ந்த சிறுபள்ளிகள் இன்னும் சில எஞ்சியுள்ளன. அவற்றின் சன்னல்கள் மேற்கிலிருந்து வரும் காற்றை அறிந்தவை. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகையில், பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகள் இராப்பகலாகச் சுழல்கின்றன. அதே காற்றைக் கண்ணாடியால் மறித்துவிட்டு, அந்தக் காற்றாலை தரும் மின்சாரத்தைக் கொண்டு பள்ளிக்குள் குளிரூட்டுகிறோம். இதில் நகைப்பதற்கும் இடமுண்டு, வருந்துவதற்கும் இடமுண்டு.

ஆனால் ஓட்டுப் பள்ளிகளை இடிப்போரை மடமையாளர் என்று தள்ளிவிடவும் நாம் ஒருப்படோம். வெள்ளிக்கிழமை திருப்பூரின் தொழில்மிகு பகுதி ஒன்றில் ஜும்ஆவுக்கு நின்று பார்த்தவர் அறிவர். பீகார், மேற்கு வங்கம், அசாம் எனப் பல மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள், கட்டிங் மேசையிலிருந்தும் செக்கிங் பிரிவிலிருந்தும் ஓடிவந்து, ஒளூச் செய்து, இடமின்றி வெயிலில் சாலையோரம் விரிப்பை விரிக்கிறார்கள். அவர்கள் இரவில் திரும்பிச் செல்வது தகரக் கூரையிட்ட லைன் வீடுகளுக்கு. ஓர் அறையில் பலர். வரிசைக்குச் சில கழிவறைகள். அவர்களுக்கு மினாரா தேவையில்லை என்று எண்ணுகிறோம். நிழலும், தண்ணீரும், காலை நீட்டிச் சற்று அமரத் திண்ணையும் தேவை. நம் ஜமாஅத்துகளில் கட்டடக் குழு கூடும்போது அந்த இளைஞர்களுள் ஒருவரேனும் அழைக்கப்பட்டதாக நாம் அறியோம். தரங்கம்பாடி முறை திருப்பூருக்கு வர வேண்டுமானால் அந்த நாற்காலியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.

கொடுங்கல்லூரின் நிலவறையை இங்கே பெயர்த்து வைக்கலாமா? கூடாது என்பதே நம் கருத்து. நொய்யல் வடிநிலத்தின் நிலத்தடி நீர் சாயக்கழிவால் கெட்டது அனைவரும் அறிந்ததே. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவிற்கு அது முற்றியது. அத்தகைய மண்ணில் ஆழத் தோண்டுவது செலவும் தொல்லையும் தரும். மாறாக, ஓட்டுப் பள்ளியை அப்படியே நிறுத்திவிட்டு, அதன் முற்றத்தைச் சுற்றிக் காற்றோட்டமான தாழ்வாரங்களை நீட்டலாம். வேலை நாள்களில் அவை நிழலாகும், வெள்ளியன்று தொழுமிடமாகும். இது பெருங்கற்பனை ஒன்றும் அன்று. ஹவ்ளும் முற்றமும் சூழ்ந்த தாழ்வாரமும் கொண்ட பள்ளிகள் நம் மரபில் முன்பே உள்ளவை. இதற்கு மாறாக, கொடுங்கல்லூர் புகழ்பெற்றுவிட்டது என்பதனால் காங்கிரீட் கூரைமேல் ஓட்டை ஒட்டிவைத்து மரபு என்று பெயரிடும் நிலை வருமாயின், குவிமாடமே மேல் என்போம்.

இக்கட்டுரைக்காகச் சென்றபோது, திருப்பூருக்கு அருகிலுள்ள ஊர் ஒன்றில், பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இடித்துக் கட்டப்பட்ட பள்ளிவாசலின் பழைய தோற்றத்தைக் காண விரும்பினோம். சேரமான் பள்ளியை மீட்க ஓர் ஒளிப்படம் உதவியதே, அதுபோல் இங்கும் ஒன்று இருக்குமல்லவா? முத்தவல்லி அலுவலறைப் பீரோவைத் திறந்து தேடினார். புதிய கட்டடத்தின் திறப்பு விழா ஆல்பங்கள் மூன்று இருந்தன. பழையதற்கு ஒன்றும் இல்லை. மோதினார் நினைவிலிருந்து சொன்னார்: நான்கு தூண், தென்புறம் ஒரு வேம்பு, மேற்கே இரண்டு சன்னல். பின்னர் ஒரு வீட்டிலிருந்து 1980களின் நிக்காஹ் படம் ஒன்றைக் கொணர்ந்தார்கள். மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் ஓட்டுக் கூரையின் ஒரு விளிம்பும், ஒரு தூணின் பாதியும் தெரிந்தன. அதைப் பிரதி எடுத்துக்கொண்டு, ஒரு பிரதியை அந்தப் பீரோவிலும் வைக்கச் சொல்லிவிட்டு வந்தோம்.